முழங்கால் வலிக்குக் கொலாஜன் பொடி: இன்னொரு டப்பா வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. மதுரை அனுப்பானடியில் இருக்கிறேன். பல வருடமாக வீட்டிலேயே பூக்கட்டிக் கொடுக்கிறேன். இரண்டு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி, வலது கால் கூடுதல். தரையில் உட்கார்ந்து எழுந்தால் நாலு எட்டு வைக்கும் வரை கால் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ‘தேய்மானம், இரண்டாம் கிரேடு’ என்றார். எடை 74 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், ‘ஜவ்வு வளரும்மா’ என்று சொல்லி மீன் கொலாஜன் பொடி வாங்கி அனுப்பினாள். மார்கழி முதல் தினமும் ஒரு கரண்டி பாலில் கலந்து குடிக்கிறேன். இப்போது பூ வரத்து குறைவு, அரை நாள்தான் உட்காருகிறேன். வலி கொஞ்சம் தேவலை, ஆனால் மாடிப்படி இறங்கினால் பழைய வலிதான். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா, ‘இதுக்கு ஆட்டுக்கால் சூப்பே போதும்’ என்கிறார். பொடியைத் தொடரலாமா?
அனுப்பானடி வாசகி

பதில்: அம்மா, கையில் இருக்கிற டப்பாவை முடித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியது, வீணாக்க வேண்டாம். அடுத்த டப்பா இப்போதைக்கு வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடலாம். பொடியால் கெடுதல் வந்துவிடும் என்று பயந்து இதைச் சொல்லவில்லை. உங்கள் வலியைக் குறைக்கக்கூடிய வழிகள் நாலைந்து இருக்கின்றன, அந்த வரிசையில் பொடிக்குக் கடைசி இடம். பணமும் அக்கறையும் அந்தக் கடைசி ஆளுக்கே போய்ச் சேருகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

மகள் சொன்ன ‘ஜவ்வு வளரும்’ என்பதை முதலில் பார்த்துவிடுவோம். முழங்கால் மூட்டில் தொடை எலும்பின் அடிமுனையையும் கீழே இருக்கும் எலும்பின் மேல்முனையையும் வழுவழுப்பாக மூடியிருப்பது குருத்தெலும்பு, அதைத்தான் மகள் ஜவ்வு என்கிறாள். அதில் பெரும்பங்கு தண்ணீர். மீதியில் அதிகம் இருப்பது கொலாஜன் என்ற புரதம். உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் சுமார் 30 சதவீதம் கொலாஜன்தான். அதிலும் பல வகை உண்டு. தோல், எலும்பு, தசைநாண்களில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை, குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை. மீனின் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் எடுக்கிற பொடி முதல் வகையைச் சேர்ந்தது. உங்கள் மூட்டுக்குள் இருப்பதும் டப்பாவுக்குள் இருப்பதும் ஒரே சரக்கு அல்ல.

ஒரே சரக்காக இருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. எந்தப் புரதத்தைத் தின்றாலும் வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் பிரித்த பிறகுதான் ரத்தத்துக்கு அனுப்பும். கட்டின சரத்தைப் பிரித்து உதிரிப்பூவாக்கி மார்க்கெட் குவியலில் கொட்டிவிட்டால், அது திரும்பவும் எந்தச் சரத்தில் ஏறும், யார் தலைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும். உடம்பு அந்த அமினோ அமிலங்களைத் தசைக்கு எடுக்கும், தோலுக்கு எடுக்கும், மிஞ்சினால் எரித்துவிடும். ‘இது முழங்காலுக்கு’ என்று முகவரி எழுதி அனுப்ப வழி இல்லை.

விற்கிறவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கொலாஜன் பொடி குடித்தவர்களின் ரத்தத்தில், அதற்கே உரிய சில துண்டுகள் முழுசாகச் செரிக்காமல் கொஞ்ச நேரம் சுற்றுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த குருத்தெலும்புச் செல்கள் மேல் இப்படிப்பட்ட துண்டுகளைப் போட்டால் அவை கொஞ்சம் கூடுதலாகக் கொலாஜன் செய்வதும் பதிவாகியிருக்கிறது. ‘ஜவ்வு வளரும்’ என்கிற விளம்பரமெல்லாம் இந்த மெல்லிய நூலைப் பிடித்துத்தான் தொங்குகிறது. ஆனால் தட்டில் நடப்பது வேறு, ரத்தக்குழாயே இல்லாத, மூட்டுத் திரவத்தை நம்பியே பிழைக்கிற குருத்தெலும்புக்குள் நடப்பது வேறு.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியபோது காற்றில் கார்பன்-14 என்ற அணுவின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. திறந்தவெளிச் சோதனைகளைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது மெல்ல மெல்ல இறங்கியது. அந்தக் கார்பன் பயிருக்குள் போய், சோற்றுக்குள் வந்து, நம் உடம்பிலும் படிந்தது. ஆகவே உடம்பின் ஒரு பகுதியில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால், அந்தப் பகுதி எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் வெவ்வேறு வருடங்களில் பிறந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பை இப்படி அளந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிலிருந்த கொலாஜன் அவரவர் வளரும் பருவத்தில் உருவானது. பெரியவர்களான பிறகு புதிதாக ஏறியதற்குச் சொல்லும்படியான அடையாளம் இல்லை. தேய்மானம் வந்த மூட்டிலும் அதே கதைதான். பாவாடை சட்டை காலத்தில் கட்டின குருத்தெலும்போடுதான் நாம் எல்லோரும் வாழ்நாளை ஓட்டுகிறோம். ஒரு கரண்டிப் பொடி அதைப் புதுப்பிக்கும் என்பதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இதைக் கேட்டு மனசு விட்டுவிடாதீர்கள். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, அதனால் அது தேய்வது மட்டுமே வலிப்பதில்லை. கீழே இருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் வருகிற அழற்சி, களைத்துப்போன தசை, இழுபடுகிற நாண்கள் இவைதான் வலிக்கின்றன. எக்ஸ்ரேயில் நாலாம் கிரேடு வைத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் கிரிவலம் போய்வருகிறவர்களும் உண்டு, ஒன்றாம் கிரேடில் கட்டிலை விட்டு எழ முடியாதவர்களும் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கி நாலு வரை போகிற இந்தக் கிரேடு முறை 1957-இல் வந்தது. எலும்பின் படத்தைத்தான் அது தரம் பிரிக்கிறது, உங்கள் வலியை அல்ல. உங்களுக்கு இரண்டு. ஜவ்வு வளராமலேயே வலி குறைய நிறைய இடம் இருக்கிறது.

அப்படியானால் பொடி வலியையாவது குறைக்குமா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் பொய்யாகிவிடும். ‘கொலாஜனால் மூட்டுவலி குறைந்தது’ என்று அடிக்கடி மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வு. தினம் 10 கிராம், 24 வாரம். பொடி குடித்தவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது உண்மை. ஆனால் அதில் இருந்தவர்கள் மூட்டு நோய் எதுவும் இல்லாத கல்லூரி விளையாட்டு வீரர்கள். சேர்ந்த 147 பேரில் 97 பேரின் கணக்கைத்தான் கடைசியில் பார்க்க முடிந்தது. அந்தப் பிள்ளைகளின் முட்டிக்குச் சரியாக வந்தது உங்கள் முட்டிக்கும் வரும் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் வயதுக்காரர்களிடம், தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றைக் கூட்டிப் பார்த்த தொகுப்புகள், வலி ஓரளவு குறைகிறது என்றே சொல்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஆய்வும் சின்னது. பலவற்றுக்குப் பணம் போட்டது அந்தப் பொருளைத் தயாரிக்கிற நிறுவனமே. அதனால் பொய் என்று சொல்லிவிட முடியாது, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் அதுவரை வந்த சான்றுகளைப் பரிசீலித்து, கொலாஜன் பொடி மூட்டைக் காக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று முடிவு சொன்னது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அந்த ஆதாரத்துக்குக் கொஞ்சம் வலு கூட்டியிருக்கின்றன. முடிவைப் புரட்டிப்போடவில்லை.

‘எனக்கே தேவலையாக இருக்கிறதே’ என்று கேட்பீர்கள். நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் தேவலை ஆனது எதனால் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மெடிக்கல் கடைகளில் பல வருடமாக மூட்டுக்கு விற்கிற குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை வைத்து அமெரிக்காவில் 1583 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2006-இல் வெளியானது. அதில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது பதிவாகியிருக்கிறது. நூறில் அறுபது! இரண்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது சுமார் 67 சதவீதம். அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது என்று கணக்கு சொன்னது. மூட்டுவலிக்கு ஏற்ற இறக்கம் உண்டு. தாங்க முடியாதபோதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம், அதன்பின் அது தானாகக் கொஞ்சம் இறங்குவதும் இயல்பு. இறங்கும்போது கையில் எந்த டப்பா இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கடிதத்தில் நீங்களே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மார்கழிப் பனியில் மல்லி வரத்து சரிந்து, விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுகிற காலம் இது. மாட்டுத்தாவணி மார்க்கெட் நிலவரம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், பொடி குடிக்க ஆரம்பித்த அதே மாதத்திலிருந்து அரை நாள்தான் உட்காருகிறீர்கள். முட்டியைக் கேட்டால், எனக்கு ஓய்வு கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லும், மீன் பொடியைப் பற்றி வாயே திறக்காது. பொடியைச் சோதிக்க வேண்டிய மாதம் மார்கழியோ தையோ அல்ல. மொட்டு மூட்டை மூட்டையாக இறங்கும் பங்குனி, சித்திரைதான். படி இறங்கும்போது வலி மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுவும் இதைத்தான் காட்டுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி சரி. ஆட்டுக்காலைக் கொதிக்க விட்டால் அதிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக இறங்கும், ஆறினால் சூப் கட்டிதட்டுவது அதனால்தான். பொடி என்பது அதே ஜெலட்டினை இன்னும் துண்டு துண்டாக்கி உலர்த்தியது. குடலுக்குள் போனால் இரண்டுக்கும் ஒரே கதி. ஒரு கிண்ணம் சூப்பில் எவ்வளவு இருக்கும் என்பது காலுக்குக் கால், அடுப்புக்கு அடுப்பு மாறும். ராத்திரிக் கடைச் சூப்பில் உப்பு தூக்கலாக இருக்கும், மேலே கொழுப்பு மிதக்கும். மிளகு போட்டு வீட்டில் வைத்து, ருசிக்காக வாரத்துக்கு ஒரு தடவை குடித்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்? மருந்து என்று நினைத்துத் தினமும் வேண்டாம், அவ்வளவுதான். கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கும் அப்படியே. அது ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. செடியில் கொலாஜன் கிடையாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி மதுரையில் எனக்கு அடிக்கடி வருகிறது. ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசினும் கடல்பாசியும் ‘சைவக் கொலாஜன்’ என்று செல்போனில் வீடியோ சுற்றுகிறது. பிசினும் பாசியும் தண்ணீரில் ஊறி வழவழவென்று ஆவதால் வந்த நினைப்பு அது. இரண்டும் மாவுச்சத்து இனம், புரதமே அல்ல. சைவக் கொலாஜன் என்று டப்பாவில் விற்பவற்றிலும் கொலாஜன் இருக்காது, வைட்டமின் சி-யும் சில அமினோ அமிலங்களும்தான் இருக்கும். கொலாஜனைக் கட்ட உடம்புக்கு வைட்டமின் சி கட்டாயம் தேவை என்பது உண்மைதான். அதற்கு அழகர்கோவில் வாசலில் உப்பு மிளகாய் தடவி விற்கிற நெல்லிக்காய் போதும், அதிலும் உப்பைத் தட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

டப்பாவின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் அங்கே இருக்க வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இவை உணவுத் துணைப்பொருள், மருந்து அல்ல. 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, சேர்த்த சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். சாக்லேட், ஆரஞ்சு வாசனைப் பொடிகளில் இவை இருப்பது உண்டு, சர்க்கரைக்காரருக்கு அது தேவையில்லாத தொல்லை. அளவும் முக்கியம். ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் தினம் 5 முதல் 10 கிராம். கடையில் 500 மில்லிகிராம் மாத்திரை விற்கிறார்கள், 10 கிராம் வேண்டுமென்றால் இருபது விழுங்க வேண்டும்.

இன்னொரு வகை மாத்திரை வேறு இருக்கிறது. கோழியின் நெஞ்செலும்புக் குருத்திலிருந்து, சூடுபடுத்திச் சிதைக்காமல் எடுத்த இரண்டாம் வகைக் கொலாஜன், தினம் 40 மில்லிகிராம்தான். அது வேலை செய்கிற விதம் வேறு என்கிறார்கள். குடலில் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களைப் பழக்கி, மூட்டின் மேல் அவை காட்டுகிற கோபத்தைத் தணிக்கும் என்பது கருத்து. 2016-இல் 191 பேரிடம் 180 நாள் நடந்த ஆய்வில் வெறும் மாத்திரையைவிட இது மேல் என்று வந்தது, அதையும் தயாரிப்பாளர் பணத்தில்தான் நடத்தினார்கள். எங்கள் தொழிலில் இதைச் சீட்டில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எழுதினால் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் எழுதி, உட்காரும் முறையைப் பற்றியும் தொடைத் தசையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பினால், அது அரைகுறை வைத்தியம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பூக்கட்டுவதை விடச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை, அதுதானே வருமானம். தரையை விட்டு எழுந்திருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். முட்டி முழுசாக மடங்கியிருக்கும்போது முட்டிச்சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் அழுத்தம் பல மடங்காகும். அப்படியே மணிக்கணக்கில் இருந்துவிட்டு, பிறகு கையை ஊன்றி எழும்போது உடம்பு மொத்தமும் அந்த மடங்கின முட்டி மேல்தான் ஏறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இடுப்பு உயர ஸ்டூல் போட்டு, அதன் மேல் சொளகில் பூவையும் நாரையும் வையுங்கள். முதல் வாரம் கை ஓடாது, சரம் கோணும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு பழகிவிடும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை போய்வாருங்கள். சாமி கும்பிடுவது, காய் நறுக்குவது, சாப்பிடுவது எல்லாம் மேசைக்கு மாறட்டும். இந்தியக் கழிப்பறை என்றால் அதன் மேல் வைக்கிற கமோடு நாற்காலி கடைகளில் கிடைக்கும், ஒரு டப்பா பொடியின் விலைக்கு ஒன்று வாங்கிவிடலாம். மகளிடம் கேட்பதாக இருந்தால் அதைக் கேளுங்கள்.

அடுத்தது தொடையின் முன்பக்கத் தசை. முட்டியைத் தாங்குவது அதுதான். வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் இருந்தால் அது சூம்பும், சூம்பினால் வலி கூடும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து இறக்குங்கள். காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். இரண்டு வாரம் போனபின் கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை மடக்காமல் ஒரு முழம் உயரம் தூக்கி இறக்குங்கள். அப்புறம் கொஞ்சம் உயரமான நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வரை வலி கூடி நின்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பொடிக்குக் கொடுத்த பொறுமையை இதற்கும் கொடுங்கள். அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் அழுத்திப் பரிந்துரைக்கிறது, குளுக்கோசமைன் வேண்டாம் என்று அதே அழுத்தத்தோடு சொல்கிறது.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் அரசு இராசாசி மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குப் போகலாம், காசு கிடையாது. சர்க்கரை மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வாங்குகிறவர் என்றால், வீட்டுக்கு வருகிற சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அனுப்பானடியில் இருந்து தெப்பக்குளம் பக்கம்தானே? விடிகாலையில் எத்தனை பேர் அதைச் சுற்றி நடக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். சமதரை, மேடு பள்ளம் இல்லை. முதலில் பத்து நிமிடம் போதும். வெறுங்காலோடு வேண்டாம், அடி மெத்தென்று இருக்கும் செருப்போ ஷூவோ போடுங்கள். மாடிப்படியில் ஏறும்போது வலி குறைந்த இடது கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற வலது கால் முதலில். கைத்தடி வைத்தால் இடது கையில். வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில்தான் அது சுமையைக் குறைக்கும். வயதாகிவிட்டதாகக் காட்டும் என்று தடி எடுக்க வெட்கப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் நொண்டி நடந்தால் அதைவிட வயதாகத் தெரியும்.

எடை பற்றிப் பேசினால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முட்டி மேல் விழுகிற பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வாளர்கள் 2013-இல், எடை கூடிய முழங்கால் வலிக்காரர்கள் 454 பேரை ஒன்றரை வருடம் பின்தொடர்ந்தார்கள். சாப்பாட்டையும் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களின் எடை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது, வலி ஏறக்குறைய பாதியானது. எந்தக் கொலாஜன் ஆய்விலும் நான் இப்படி ஒரு பலனைப் பார்த்ததில்லை. உங்களுக்குப் பத்தில் ஒன்று என்றால் ஏழு கிலோ. ஒரே மாதத்தில் வேண்டாம், ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, சாயங்கால டீயோடு வருகிற வடை பஜ்ஜியை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கினாலே எடை மெஷின் முள் இறங்கும், சர்க்கரையும் கூட இறங்கும்.

சோற்றைக் குறைத்த இடத்தில் புரதம் வர வேண்டும். தசைக்கு அதுதான் சாப்பாடு. கொலாஜன் அதற்கும் லாயக்கில்லாத புரதம், டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது, எல்லா அமினோ அமிலமும் உண்டு, விலை உங்களுக்கே தெரியும். முட்டை, மீன், பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர் என்று மாற்றி மாற்றிச் சேருங்கள்.

வலி கூடுகிற நாட்களில் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டியைச் சுற்றித் தடவலாம். மாத்திரை அளவுக்கு அது ரத்தத்தில் ஏறாது. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும், ஆனால் சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், அதனால் சூட்டை முதலில் கையில் பார்த்துவிடுங்கள். மெடிக்கல் கடையில் ‘முட்டி வலிக்கு ரெண்டு குடுங்க’ என்று வாங்கி விழுங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். சர்க்கரையோடு வருடக்கணக்காக இருக்கிற சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரைகள் ஆகாது. லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் வருகிற ‘மூலிகை’ மூட்டுவலிப் பொடியை இதைவிடவும் தள்ளி வையுங்கள். மூன்றே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சர்க்கரை எகிறிய பிறகுதான் தெரியவரும். உங்கள் கொலாஜன் பொடி இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் சாது. ஆனாலும் அதைக் குடித்தால் வயிறு உப்புசமோ குமட்டலோ சிலருக்கு வரும். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. சிறுநீரகம் பழுதாகி, புரதத்தை அளந்து சாப்பிடச் சொல்லியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பொடியை விட மனசில்லை என்றால், அதுவும் உங்கள் உரிமை. அப்போது இப்படிச் செய்யுங்கள். பங்குனியில் தொடங்கி மூன்று மாதம், ஒரே பிராண்டு, தினம் 10 கிராம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடிப்படி இறங்கி முடித்ததும், வலி பத்துக்கு எவ்வளவு என்று காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு எண்ணாவது இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். இறங்கினால் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். வலி திரும்பினால் தொடருங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பொடியையும் நாற்காலியையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். நாற்காலி முதலில்.

முட்டி திடீரென்று வீங்கிச் சிவந்து சுடுவது, கூடவே காய்ச்சல், கால் பாதியில் பூட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் போவது, நடக்கும்போது முட்டி வழுக்கி மடிவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் வீட்டில் வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது தேய்மானமாக இருக்காது, வேறு வாதம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேறு மருந்தும் வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் சித்திரைத் திருவிழா முடிந்ததும் உங்கள் டாக்டரிடம் ஒரு நடை போய்வாருங்கள். எக்ஸ்ரே மறுபடி எடுக்கச் சொல்லி நீங்களாகக் கேட்க வேண்டாம். எடை, படி இறங்கும்போது வலி எண், கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எத்தனை தடவை எழ முடிகிறது, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.